கண்ணுக்குள் நூலும் புள்ளியும் மிதக்கின்றன: எப்போது ஓட வேண்டும், எப்போது விட்டுவிடலாம்?

மேகலா_தஞ்சை:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. பள்ளியில் படிக்கும்போதே கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்துக்குப் பக்கம். மெல்லிய நூல் மாதிரி ஒன்றிரண்டு கண்ணுக்கு முன்னால் மிதப்பது பல வருடப் பழக்கம். அதைப்பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இந்த வாரம் வலது கண்ணில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. உடைந்த வளையல் துண்டு போல வளைவாக, ஓரம் கறுத்து இருக்கிறது. சமையலறையின் வெள்ளை டைல்ஸைப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. கண்ணைத் திருப்பினால் கூடவே வந்து, கண் நின்ற பிறகும் கொஞ்ச தூரம் போய் நிற்கிறது. ராத்திரி விளக்கை அணைத்தால் அதே கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வேறு. வலி இல்லை, சிவக்கவும் இல்லை. கண்ணாடிக் கடையில் காட்டினேன். கடைசி வரி வரை படித்துவிட்டேன். பவர் மாறவில்லை, வயதானால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விட்டுவிடலாமா?

சும்மா_ஒருவன்:
அக்கா, எனக்குக் காலேஜ் நாளிலிருந்தே இருக்கிறது. வானத்தைப் பார்த்தால் புழு மாதிரி நெளியும். டாக்டரிடம் போனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் இருப்பதுதான். கண்டுகொள்ளாமல் விடுங்கள், மறந்துபோகும்.

கண்துறை_ஓய்வு:
தம்பி சொல்வது அவருக்குச் சரி. மேகலா அம்மாவுக்குப் பொருந்தாது.

நான் டாக்டர் இல்லை. அரசுப் பணியில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநோயாளிகள் வரிசையில் இந்தக் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். அம்மா, பழைய நூல் பழைய மாதிரியே இருந்தால் நானும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு வந்திருப்பது புதுசு. கூடவே அதே கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கிறது, கிட்டப்பார்வையும் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது இன்றே பார்க்க வேண்டும். ஞாயிறு கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வைத்துப் பார்ப்பது நடுப்பார்வையை மட்டும்தான். விழித்திரை கிழிந்தால் பெரும்பாலும் ஓரத்தில்தான் கிழியும். அங்கே கிழிசல் இருக்கும்போதே கடைசி வரி வரை படிக்கலாம். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் கையில் லென்ஸை வைத்துக்கொண்டு ஓரம் வரை பார்த்தால்தான் கண் பார்த்ததாகக் கணக்கு. தேவைப்பட்டால் இமையின் மேல் சின்னக் கருவியால் அழுத்தியும் பார்ப்பார்.

கிளம்புவதற்கு முன் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்தாவது திரை இறங்குவது போல நிழல் தெரிந்தால் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

மேகலா_தஞ்சை:
நிழல் எதுவும் இல்லை ஐயா. மகனைக் கூப்பிட்டிருக்கிறேன், மதியமே போகிறோம்.

பட்டுக்கோட்டையான்:
ஐயா, எனக்கொரு சந்தேகம். இந்த நூல் எங்கேதான் இருக்கிறது? கண்ணின் மேலே ஒட்டியிருக்கிறதா? நான் எத்தனையோ தடவை தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன், போகவே இல்லை.

கண்துறை_ஓய்வு:
எப்படிப் போகும்? அது கண்ணுக்கு உள்ளே இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் தொடங்கி விழித்திரை வரைக்கும் உள்ள இடம் முழுவதும் விட்ரியஸ் என்ற கூழ்தான். சுமார் 4 மில்லி. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கண்ணின் உள் அளவில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே. அதிலும் 98, 99 சதவீதம் வெறும் நீர். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் கொலாஜன் என்ற நுண்ணிய இழைகளும் ஹயலூரானிக் அமிலமும் உண்டு. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீராக விலகி நிற்கிற வரை வெளிச்சம் தடையில்லாமல் போகும். வயது ஏற ஏறக் கூழ் இளகி அங்கங்கே நீர்க்குட்டையாகிவிடுகிறது. எண்பதைத் தாண்டியவர்களுக்குப் பாதிக்கு மேல் நீர்தான். தாங்குவதற்குக் கூழ் இல்லாதபோது இழைகள் சேர்ந்து திரிந்துகொள்கின்றன.

நீங்கள் பார்ப்பது அந்தத் திரியை அல்ல, அது விழித்திரையில் விழுத்துகிற நிழலை. வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும், நிழலின் விளிம்பு கூர்மையாகும். வெயில் நேரத்து வானம், வெள்ளைச் சுவர், கம்ப்யூட்டர் திரை இவற்றில் மட்டும் தொந்தரவு செய்து, மங்கலான அறையில் காணாமல் போவது இதனால்தான். விழித்திரைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் துணுக்கு எவ்வளவு சிறியதானாலும் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது முக்கியம். ஐம்பது, அறுபது வயதில் ஒரு கட்டத்தில் இந்தக் கூழின் பின்பக்கம் விழித்திரையிலிருந்து மொத்தமாக விலகிக்கொள்ளும். டாக்டர்கள் பிவிடி என்பார்கள். நோய் என்று சொல்ல முடியாது, நரை மாதிரி. கண் நரம்பு புறப்படுகிற இடத்தைச் சுற்றி அது கொஞ்சம் இறுக்கமாக ஒட்டியிருக்கும். அங்கிருந்து பிரியும்போது வளையமாகவே பிய்த்துக்கொண்டு வந்து மிதக்கும். அதற்கு வைஸ் வளையம் என்று பெயர். மேகலா அம்மா பார்த்த வளையல் துண்டு இதுவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லக் கண்ணைப் பார்க்க வேண்டும்.

விலகும்போது சில இடங்களில் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது. இழுத்தாலும் அமுக்கினாலும் வெளிச்சம் என்றுதான் மூளைக்குச் சொல்லும். இருட்டில் அடிக்கிற அந்த மின்னல் இதுதான். பலருக்கு இழுபறி தானாக அடங்கிவிடும். ஆனால் திடீரென்று இப்படி அறிகுறியோடு வருகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு எங்கோ ஒரு கிழிசல் இருக்கும். கிழிசல் வழியாக நீர் புகுந்து பின்னால் தேங்கினால் விழித்திரை சுவரிலிருந்து உரிய ஆரம்பிக்கும். திரை இறங்குவது போலத் தெரிவது அந்தக் கட்டத்தில். கிழிசலாக இருக்கும்போதே பிடித்தால் உட்கார்ந்தபடியே லேசர் போட்டு, சுற்றிலும் தழும்பாக்கி ஒட்டிவிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உரிந்த பிறகு போனால் ஆபரேஷன். நடுப்பகுதியும் உரிந்துவிட்டால் ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது கஷ்டம்.

கிட்டப்பார்வைக்காரர்களின் கண் நீளமானது, விழித்திரை ஓரத்தில் மெலிந்திருக்கும், அவர்களுக்கு இதெல்லாம் சில வருடம் முன்னதாகவே வரும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கும் அப்படியே.

சும்மா_ஒருவன்:
அப்படியென்றால் நானும் ஒரு தடவை காட்டிவிடுகிறேன். வேறொன்று கேட்க வேண்டும். நீல வானத்தைப் பார்த்தால் நூல் தவிர, வெள்ளையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் சரசரவென்று ஓடுகின்றனவே, அதுவும் இதுதானா?

கண்துறை_ஓய்வு:
இல்லை. விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடுகிற வெள்ளை அணுக்கள் அவை. சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளையணு விட்டுவிடும். அதனால் நீலப் பின்னணியில் மட்டும் ஓடுகிற பொட்டாகத் தெரியும். நாடித்துடிப்புக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும். எல்லோருக்கும் உண்டு, கவனிக்கிறவர்கள் குறைவு.

மேகலா_தஞ்சை:
பார்த்துவிட்டு வந்தோம். பிவிடிதான், கிழிசல் இல்லை. இன்னொரு கண்ணின் ஓரத்தில் லாட்டிஸ் என்று விழித்திரை மெலிந்த இடம் ஒன்று இருக்கிறதாம். இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இழுபறி முடியாததால் கிழிசல் பிறகும் வரலாம் என்பதற்காக. புள்ளிகள் திடீரென்று கூடினாலோ நிழல் தெரிந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னார்.

போகிறவர்களுக்கு ஒன்று: சொட்டு மருந்து விட்டபிறகு சாயங்காலம் வரை கிட்டத்தில் எதுவும் படிக்க முடியவில்லை, வெயில் கூசுகிறது. வண்டி ஓட்ட ஆள் வேண்டும். குளிர்கண்ணாடி எடுத்துப் போங்கள்.

விருதுநகர்_வாசகர்:
சர்க்கரைக்காரர்கள் இதைப் படிக்கிறீர்களா? என் அப்பாவுக்கு வந்தது வேறு. ஒரு காலையில் கறுப்புப் பொடி உதிர்வது போல ஆரம்பித்து, மதியத்துக்குள் அந்தக் கண்ணில் புகை மண்டிவிட்டது. விட்ரியஸுக்குள் ரத்தம். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் அடைபட, அதற்கு ஈடாகப் புதுக் குழாய்கள் முளைக்குமாம். அவை சோதாக் குழாய்கள், லேசாக இழுபட்டாலே கசியும். ரத்தம் மறைத்ததால் டாக்டரால் உள்ளே பார்க்கவே முடியவில்லை, இமையின் மேல் கருவி வைத்து ஸ்கேன் எடுத்துத்தான் விழித்திரை உரியவில்லை என்று உறுதி செய்தார். கண்ணுக்குள் ஊசி, லேசர், கடைசியில் விட்ரியஸையே எடுக்கிற விட்ரெக்டமி ஆபரேஷன் என்று போய்விட்டது. அதுவரை அப்பாவுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. பேப்பர் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அதனாலேயே சர்க்கரை வந்த இத்தனை வருடத்தில் கண்ணைக் காட்டவே இல்லை.

கண்துறை_ஓய்வு:
நன்றாகத் தெரிகிறதே என்று சும்மா இருப்பதுதான் சர்க்கரையில் பெரிய சிக்கல். வருடம் ஒரு தடவை பாப்பாவை விரியவைத்துப் பார்க்க வேண்டும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ரத்தம் கசிந்தவர்கள் தலையை உயர்த்திப் படுத்தால் அது கீழே படிந்து நடுப்பார்வை கொஞ்சம் தெளியும், டாக்டருக்கும் உள்ளே பார்க்க வசதி. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, கூடவே புள்ளிகள் மிதந்தால் அது உள்ளழற்சி. அதுவும் தள்ளிப்போடக் கூடாதது.

மூலிகை_நேசன்:
எல்லோரும் லேசர், ஊசி என்றே பயமுறுத்துகிறீர்கள். பொன்னாங்கண்ணிக் கீரையை நெய்யில் வதக்கி ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு இரண்டு சொட்டு கண்ணில் விடுங்கள். தினம் அன்னாசிப்பழம் சாப்பிட்டால் நூல் கரைந்துவிடும் என்று வெளிநாட்டிலேயே சொல்கிறார்கள். என் மைத்துனருக்குச் சரியாகிவிட்டது.

மாத்திரை_மகேஸ்வரி:
அண்ணா, மருந்துக் கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். கீரைக்கு என் ஓட்டும் உண்டு, சாப்பிடுங்கள். கண்ணுக்குள் சாறு பிழிவதை மட்டும் சொல்லித் தராதீர்கள். பூவில் இருக்கிற கிருமி கருவிழியில் புண்ணாகி, தழும்பு வெள்ளையாக நின்றுவிட்டால் அதற்கு மருந்து எங்களிடம் இல்லை. அன்னாசியில் இருக்கிற நொதி வயிற்றிலேயே பெரும்பாலும் செரித்துவிடும். விட்ரியஸுக்குள் ரத்தக்குழாயே கிடையாது, சாப்பிட்டது அங்கே போய்க் கொலாஜனைத் தேடிப் பிடித்துக் கரைக்கும் என்றால் வழியில் இருக்கிற எல்லாக் கொலாஜனையும் அல்லவா கரைத்திருக்க வேண்டும்? விருதுநகர்க்காரரின் அப்பா மாதிரி ஆட்கள் இதைப் படித்துத் தினம் அரைப்பழம் சாப்பிட்டால் சர்க்கரைதான் ஏறும்.

உங்கள் மைத்துனருக்கு எப்படிச் சரியானது என்றால், எல்லோருக்கும் ஆவது போலத்தான். சில மாதத்தில் துணுக்குகள் பார்வைக் கோட்டிலிருந்து நழுவிக் கீழே தங்கிவிடும், மூளையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் கிடைக்கிறது.

மூலிகை_நேசன்:
சரி தங்கச்சி, சொட்டு விடுவதை விட்டுவிடுகிறேன். கீரையை விட மாட்டேன்.

கோடிங்_29:
எனக்கு வயது 29. நாள் முழுக்க ஸ்கிரீன். கண்ணாடிப் புழுக்கள் போலக் கூட்டமாக ஓடுகின்றன. ரெட்டினா டாக்டர் முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆபத்தில்லை, பழகிக்கொள் என்கிறார். பழக முடியவில்லை. லேசரிலோ ஆபரேஷனிலோ மொத்தமாக எடுத்துவிடலாம் என்று யூடியூபில் பார்த்தேன். யாராவது செய்துகொண்டீர்களா?

கண்துறை_ஓய்வு:
தம்பி, உங்கள் எரிச்சலை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆபத்தில்லை என்பதும் தொந்தரவில்லை என்பதும் ஒன்றல்ல.

மிதக்கிற துணுக்கைச் சுட்டு உடைக்கிற யாக் லேசரைப் பொறுத்தவரை, 2017-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 52 பேரைச் சேர்த்தார்கள். லேசர் போட்டவர்களில் 54 சதவீதம் பேர் தொந்தரவு குறைந்தது என்றார்கள். போடுவது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 9 சதவீதம். நல்ல பலன்தானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் எல்லோரும் பிவிடி வந்து வளையம் மிதந்தவர்கள். லென்ஸிலிருந்தும் விழித்திரையிலிருந்தும் தள்ளி நிற்கிற பெரிய வளையத்தைக் குறிவைத்துச் சுடலாம். உங்கள் வயதில் மிதப்பவை பெரும்பாலும் விழித்திரையை ஒட்டி நிற்கிற நுண்ணிய இழைகள், அங்கே லேசரை நீட்டினால் சுடுவது விழித்திரையை.

விட்ரெக்டமியில் கூழையே வெட்டி எடுத்துவிட்டு உப்பு நீரை நிரப்புவார்கள். மிதப்பது போய்விடும், உண்மை. ஆனால் அதனாலேயே விழித்திரை கிழியலாம், உரியலாம், அபூர்வமாகக் கிருமி புகலாம். ஐம்பது வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் புரை. இளவயதில் இன்னொரு சிக்கல், கூழ் விழித்திரையோடு இன்னும் ஒட்டியிருக்கும், அதை வலுக்கட்டாயமாகப் பிரிக்க வேண்டும். 6/6, அதாவது குறையில்லாமல் பார்க்கிற கண்ணில் இதைச் செய்ய டாக்டர்கள் தயங்குவது இதனால்தான். என்னைக் கேட்டால், உங்கள் இடத்தில் என் மகன் இருந்தால் சம்மதிக்க மாட்டேன்.

ஸ்கிரீனைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், ஜன்னலுக்கு முகம் கொடுத்து உட்காராதீர்கள். தேடாதீர்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் தினம் காலையில் சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தால் மூளை மறக்கவே மறக்காது. தூக்கம் கெடும் அளவுக்கு மனசு இதிலேயே நின்றால் அதற்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்கார்பரோ_சிவம்:
வணக்கம். எனக்கு விழித்திரை கழன்று ஒப்பரேஷன் நடந்தது, அதுதான் எழுதுகிறேன். முதலில் பூச்சி பறந்தது, பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு நிழல் வளர்ந்துகொண்டு வந்தது. கண்ணாடி ஊத்தை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கூழை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் காஸ் அடைத்தார்கள். அந்தக் குமிழ்தான் உள்ளுக்குள் இருந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். அதற்காகத் தலையைக் குனிந்தபடி இருக்க வேண்டும். சாப்பாடு, நித்திரை எல்லாம் குனிந்தபடிதான். சரியான கஷ்டம்.

முக்கியமாக, காஸ் கரையும் வரைக்கும் விமானம் ஏறக்கூடாது. மேலே போனால் காஸ் விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறி, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். எந்தக் காஸ் என்பதைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். கையில் ஒரு பட்டியும் கட்டிவிட்டார்கள். வேறெங்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஒக்சைட் கொடுக்கக்கூடாது என்பதற்காக. தங்கச்சியின் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக ரிக்கெட் போட்டிருந்தேன், வீடியோவில்தான் பார்த்தேன், அதுவும் குனிந்தபடி.

பழைய_ஏடு:
தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் என்று ஐயா எழுதியதைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. அந்தக் கருவியை உருவாக்கியவர் சார்லஸ் ஷெப்பன்ஸ் என்ற பெல்ஜியக் கண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குத் தப்பி, பிரான்சு எல்லை மலையில் வேறு பெயரில் மர அறுவை ஆலை நடத்துவது போல நடித்து, ஸ்பெயினுக்கு ஆட்களைக் கடத்தி அனுப்பியவர். பிறகு பாஸ்டனில் விழித்திரை மருத்துவத்தையே ஒரு தனித் துறையாக வளர்த்தார். அவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்தான் 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய பத்ரிநாத்.

அதற்கு முந்தைய காலத்தை நினைத்தால் வயிறு கலங்குகிறது. 1920-களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனின், கிழிசலைக் கண்டுபிடித்துச் சூடு வைத்து அடைத்தால் விழித்திரை மறுபடி ஒட்டும் என்று காட்டும்வரை, உரிந்த கண் என்றால் போன கண்தான். கண்ணை அகலத் திறக்காமல் சின்னத் துளை வழியாகக் கூழை வெட்டி எடுக்கிற விட்ரெக்டமியை 1970-இல் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் முதலில் செய்தார்.

வேலூர்_ராஜி:
குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் மின்னும் வளைகோடு வருகிறது, பல்வரிசை மாதிரி. அரை மணிக்குள் போய்விடும், அப்புறம் தலைவலி. இதுவும் விழித்திரைதானா?

கண்துறை_ஓய்வு:
நீங்கள் சொல்வது ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வருவது போல இருக்கிறது, அது மூளையில் உண்டாவது. ஒரு கண்ணை மூடினாலும் மறு கண்ணில் தெரியும். முதல் தடவை வந்திருந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டுக்கோட்டையான்:
கடைசியாக ஒன்று ஐயா. எங்கள் பக்கம் ரெட்டினா டாக்டர் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் இப்படி வந்தால் எங்கே போவது? ஊர் டாக்டரிடம் போனால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துத் திங்கள் வா என்பார்.

கண்துறை_ஓய்வு:
மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு உண்டு, அவசரப் பிரிவு வழியாகப் போகலாம். சென்னைப் பக்கம் என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-இலிருந்து நடக்கிறது. தென் மாவட்டக்காரர்களுக்கு மதுரை பக்கம். பெரிய தனியார் கண் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஞாயிறும் அவசரத்துக்கு ஆள் இருப்பார்கள், கிளம்புமுன் போன் செய்து கேளுங்கள்.

போனதும் டோக்கன் கொடுக்கிறவரிடம் “கண் மங்கலாக இருக்கிறது” என்று சொல்லாதீர்கள். கண்ணாடிப் பரிசோதனை வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். “இந்தக் கண்ணில் இன்றைக்குத் திடீரென்று புதுப் புள்ளி மிதக்கிறது, வெளிச்சம் அடிக்கிறது, ரெட்டினா பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். நிழல் தெரிந்தால் எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, பழைய கண் ஆபரேஷன் இருந்தால் சீட்டுகளைக் கையில் எடுத்துப் போங்கள்.

பட்டுக்கோட்டையான்:
இதை அப்படியே எழுதி மாமியாரின் பர்ஸில் வைத்துவிடுகிறேன். அவருக்கு மைனஸ் எட்டு.